பெயருக்கு விட்ட இடம்

படிக்கப் பிடித்த நேரம் ஆறு இருபத்தேழு.
காலை. தெம்பனிஸில் ஏறி
மூன்றாம் பெட்டியில் கதவோர இருக்கை கிடைத்துவிட்டால்.
கிடைக்காத நாளில்
அறுநூற்றெண்பது பக்கத்தைக் கம்பியில் சாய்ந்தபடி பிடிக்க
மணிக்கட்டு வலிக்கும்;
அப்போதும் ஆறு இருபத்தேழுதான்.

இரவில் படிக்கலாமே என்பான் அறவாழி.
இரவில் எடுத்தால் இரண்டாம் பத்தியில்
யாளியும் நானும் சேர்ந்தே குறட்டை விடுகிறோம்.

இது மூன்றாம் பாகம்.
முதலாவதில் இமிழ் ஒரு திருடி.
இரண்டில், திருடியதைத் திருப்பி வைக்கப் போய்ப்
பிடிபடுகிறாள். (அங்கேதான் எனக்கு அவளைப் பிடித்தது.)
இதில் மலைக்குள் போகிறாள்.
மலை வாசலில் யாளி.
பொன் கேட்காது, ரத்தம் கேட்காது,
பெயரைத் தின்னும்.
தின்றுவிட்டது, இருநூற்றுத் தொண்ணூறாம் பக்கத்தில்.
அதற்குப் பிறகு
அவள் பெயர் வரவேண்டிய இடமெல்லாம் வெறும் தாள்.

               விளக்கை எடுத்தாள்.
               திரும்பிப் பார்க்கவில்லை.

அச்சுப் பிழை என்று முதலில் எரிச்சல்பட்டேன்.

அலுவலகத்தில் ஹுய் லிங் தூக்கிப் பார்த்துவிட்டு
வரிச் சட்டமா என்றாள்.
ஆமாம் என்றேன்.
விளக்கப் போனால் தேநீர் ஆறிவிடும்.

தானா மேராவில் ஏறுகிறவர்
விமான நிலையச் சரக்குக் கிடங்கின் இரவு முழுவதையும்
தோளில் சுமந்து வந்தவர்போல் உட்கார்வார்.
ஒளிரும் பட்டை வைத்த மேலங்கியை மடித்து
மடியில் வைத்துக்கொள்வார்.
கழுத்து அட்டை எப்போதும் குப்புறக் கிடக்கும்.
தூங்குகிறார் என்றே நினைத்திருந்தேன்.
ஒருநாள் பிடோக் தாண்டி நான் தாளைப் புரட்ட,
பக்கத்திலிருந்து ஒரு 'ச்சு'.
வாய்க்குள்தான். பல்லி சொன்னதுபோல.
அவர் இன்னும் கடைசி இரண்டு வரியில் இருந்தார்.

அதன்பின் நான் மெல்லப் படிப்பவளானேன்.
பக்கத்தின் அடியில் நின்று ஐந்து எண்ணுவேன்.
யாளி வரும் பக்கமென்றால் எட்டு.
பேசிக்கொண்டதில்லை.
புத்தகத்தை இரண்டு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தி வைத்தேன்,
அதைப் பேச்சென்று சொன்னால் சொல்லலாம்.

காலாங் தாண்டியதும் ரயில் தரைக்குள் இறங்கும்.
இறங்கும்போது வெளியே இருட்டு.
லவெண்டர், பூகிஸ், நகர மண்டபம்,
யார் யாரோ ஏறுவார்கள், இறங்குவார்கள்.
எங்கள் இருவருக்கும் மலைக்குள் வேலை.
ரெட்ஹில்லில் மேலே வந்தால் விடிந்திருக்கும்.
விடியும்போது நாங்கள் பார்த்ததே இல்லை.

போன செவ்வாய் அவர் வரவில்லை. புதனும்.
புத்தகம் மடியில் திறந்தே இருந்தது.
படித்தால் அவர் பின்தங்கிவிடுவாரே என்று
(இதை அறவாழியிடம் சொல்லவில்லை)
எதிர்ச் சன்னலில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.
படிக்காத நாளில்தான்
கிளமெண்டியில் இறங்க மறந்தேன்.

வியாழன். தவணை முடிய நான்கு நாள்.
நீட்டிக்க வழியில்லை,
எனக்கு அடுத்து யாரோ பதிந்து வைத்திருக்கிறார்கள்.

வெள்ளி வந்தார். இடது கட்டைவிரலில் கட்டு.
உட்கார்ந்து, நேரே முன்னால் பார்த்தபடி,
"மலையவிட்டு வெளிய வந்துட்டாளா?"

இத்தனை வாரத்தில் முதல் சொல்.

"நீங்க விட்ட எடத்துலயேதான் நிக்கிறா."

தலையாட்டினார்,
அதுதானே நியாயம் என்பதுபோல.

பக்கம் நானூற்றுப் பன்னிரண்டு.

               கதவைத் தட்டினாள்.

அந்த வெற்றிடத்தில் அவர்
யார் பெயரைப் போட்டுப் படிக்கிறார் என்று
கேட்க நினைத்தேன்.
அவர் பெயரையே கேட்டிருக்கலாம்.
காலாங்கில் ரயில் தலையைக் குனிந்துகொண்டது.
ஒன்று, இரண்டு,
மூன்று எண்ணுவதற்குள்
"ம்" என்றார்.

புரட்டினேன்.